பன்னெண்டாம் வாரத்துப் பட்டாம்பூச்சி

ஏனுங்ணா, சித்த நகந்து உக்காருங்க. அப்படியே... போதும், போதும். நான் ஒல்லியான ஆளு, முக்காச் சீட்டு இருந்தாலே போதுமுங்க. நீங்க எது வரைக்கும்? சத்தி வரைக்குமா? நான் புளியம்பட்டிங்க. நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

இந்தாங்க, ஜிலேபி எடுத்துக்கங்க. அட, எடுங்கண்ணா. சுகரா? ஒரு துண்டுல என்ன ஆயிருமுங்க? இன்னைக்கு வேண்டாமுன்னு சொல்லக் கூடாது. ஆங், அப்படி.

என்ன விசேசமா? அதச் சொல்லக் கூடாதுங்க. கண்டிப்பாச் சொல்லக் கூடாது. மூணு மாசம் முழுசா முடியற வரைக்கும் வெளியாளுககிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு எங்க மாமியா ஆர்டரு போட்டிருக்குது. கண்ணு பட்டுருமாமா. எங்கிட்ட ஒரு விசயத்தச் சொன்னா கெணத்துல போட்ட கல்லுங்க, வெளிய வரவே வராது. அதனால நான் சொல்ல மாட்டன். நீங்க ஜிலேபியத் தின்னுங்க.

இந்த பஸ்ஸுக்காரன் எப்ப எடுப்பானோ தெரியல. காந்திபுரத்துல நின்னா நின்னதுதான்.

சரி, ஒரே சீட்டுல உக்காந்துட்டம், இதுக்கு மேல நீங்க என்ன வெளியாளு? எம்பட ஊட்டுக்காரி முழுகாம இருக்கறாளுங்க. பன்னெண்டு வாரம். ஆமாங்க! நெம்ப சந்தோசமுங்க! அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, பச்சச் சேல, ஜன்னலோரமா கம்முனு உக்காந்திருக்கறா பாருங்க, அவதான். சுகந்தி. அய்யய்யோ, கும்புடு போடாதீங்கண்ணா, திரும்பிப் பாத்தான்னா நான் சொல்லிட்டன்னு கண்டுபுடிச்சுருவா. நான் இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க. அந்த ஆட்டோக்காரன்கிட்ட மட்டும் சொன்னன், அவன் வேற ஊர்க்காரன். பொறகு டீக்கடையில, அது சும்மா பேச்சு வாக்குல. ஜிலேபிக்காரனுக்குச் சொல்லாம எப்படிங்க ஒரு கிலோ வாங்கறது? அவனே கேக்கறான்.

எம்பேரு வெள்ளியங்கிரிங்க. புளியம்பட்டி சந்தைக்குப் பக்கத்துல மோட்டார் காயில் கட்டற கட வெச்சிருக்கறன். போர் மோட்டாரு, கெணத்து மோட்டாரு, எது புகைஞ்சு வந்தாலும் பிரிச்சுச் சுத்திக் குடுப்பன். உங்க ஊட்டு மோட்டாரு எப்படி ஓடுது? நல்லா ஓடுதுங்களா? சந்தோசம்.

இன்னைக்கு ஸ்கேனுக்குத்தான் வந்தமுங்க. ஸ்கேனுன்னா என்னமோ கொழந்தை இருக்குதா, நெஞ்சு துடிக்குதான்னு பாக்கற ஸ்கேனு இல்லீங்க. அதெல்லாம் முன்னாடியே பாத்தாச்சு. இன்னைக்குப் பாத்தது மூளை! மூளைங்க! நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க. கொழந்தையே என்ற சுண்டுவெரல் நீளந்தான். அந்தச் சுண்டுவெரலுக்கு ஒரு தலை. அந்தத் தலைக்குள்ள ஒரு மூளை. அந்த மூளைய வயித்து மேல ஒரு டப்பாவ வெச்சு அழுத்திக்கிட்டே டீவியில காட்டறாங்க. அடங்கொப்புரானே! நான் ஒரு மோட்டார்ல எங்க காயில் போயிருக்குதுன்னு பாக்கறதுக்கு முழுசாக் கழட்டோணும். அவங்க ஒரு நட்டுக் கூடக் கழட்டாம பாத்துடறாங்க.

எங்கப்பன் இருந்த வரைக்கும் என்னயப் பாத்து ஒரே கேள்விதான் கேட்டாரு, "ஏன்டா, மூளைன்னு ஒண்ணு இருக்குதாடா உனக்கு?"ன்னு. எம்புள்ளயப் பாத்து இனி ஒருத்தன் அப்படிக் கேக்க முடியுமுங்களா? பன்னெண்டாம் வாரத்துலயே பாத்து வெச்சாச்சு!

அப்பாடா, வண்டிய எடுத்துட்டான்.

ஏன் இவ்வளவு சீக்கரமாப் பாக்கறாங்கன்னு கேட்டீங்கன்னா... போன தடவ ஒண்ணு ஆயிப் போச்சுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால. அப்ப வெவரம் தெரியல, அஞ்சாம் மாசந்தான் மொத ஸ்கேனே எடுத்தம். வேற ஆஸ்பத்திரிங்க, இது இல்ல. அந்த டாக்டரு டப்பாவ வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பேசிக்கிட்டே இருந்த மனுசன் பேச்ச நிறுத்திட்டாரு. பொறகு சுகந்தியப் பாத்து, "எல்லாம் நல்லாருக்கும்மா, வெளிய போய் உக்காருங்க"ன்னாரு. என்னயப் பாத்து, "நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க"ன்னாரு. கதவச் சாத்திட்டுத்தான் சொன்னாரு. கொழந்தைக்கு மூளை சரியா வளரல, மண்ட ஓடும் மேல மூடல, தங்காதுன்னுட்டாரு. கட்டுனவகிட்ட இப்பச் சொல்லாதீங்க, வயித்துப் புள்ளக்காரி மயங்கி உழுந்துருவாங்க, ஊட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்பி வெச்சுட்டாரு.

இதுலதாண்ணா என்ற தெறமையப் பாக்கோணும் நீங்க. நான் வெளிய வந்தன். சிரிச்சுக்கிட்டே வந்தன். "என்ன சொன்னாரு?"ன்னா. "உனக்கு ரத்தம் கம்மியாம், பேரிச்சம்பழம் திங்கோணுமாம்"ன்னன். எப்படி! ரோசன பண்ணக் கூட இல்லீங்க, வாயில தானா வந்துச்சு. அப்படியே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் மல்லிப்பூ வாங்கித் தலையில வெச்சு உட்டன். கிராஸ்கட் ரோட்டுல ஒரு ஐஸ்கிரீம் கடையில உக்கார வெச்சு, பெரிய கிளாசுல மேல பழமெல்லாம் போட்டுக் குடுப்பாங்க பாருங்க, அது வாங்கிக் குடுத்தன். பஸ்ஸுல ஊரு வர்ற வரைக்கும் ஒரே கேலியும் கிண்டலும். பையன்னா என்ன பேரு, பொம்பளப் புள்ளையின்னா என்ன பேருன்னு அவ கேக்கக் கேக்க நானும் பேரு சொல்லிக்கிட்டே வந்தன். ராத்திரி பூரா பக்கத்துல படுத்துக் கெடந்தன், எங்கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலீங்க. அடுத்த நாள் எங்க மாமனாரும் மாமியாளும் வந்து சொன்ன பொறகுதான் அவளுக்கே தெரியும். எங்க மச்சான் இன்னைக்கும் சொல்லுவாரு, "மாப்ள, உங்க நெஞ்சு கல்லு நெஞ்சு, எங்களால முடியாது"ன்னு. எல்லாராலயும் முடியாதுங்க. ஒரு நாளு, முழுசா ஒரு நாளு அவளச் சந்தோசமா வெச்சிருந்தனுங்களே.

பொறகு எல்லாம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்து ஒரு வாரங் கழிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அந்த ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கறப்பவே உங்களுக்குத் தெரியுமா?"ன்னா. "தெரியும்"ன்னன். அதுல இருந்து அவ ஐஸ்கிரீமே தொடறதில்லீங்க. பல்லுக் கூச்சமுன்னு நெனைக்கறன்.

சரி, அத உடுங்க. நல்ல நாளும் அதுவுமா அதப் பேசக் கூடாது. இன்னொரு ஜிலேபி? சரி, சரி, வேண்டாம்.

இந்தத் தடவ டாக்டரம்மா நெம்பத் தங்கமான மனுசிங்க. பழைய பைலப் பூராம் படிச்சுப் பாத்துட்டு, எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாங்க. "இந்த வாரத்துல மூளை முழுசா வளந்திருக்காது. அஸ்திவாரம் சரியா இருக்கான்னுதான் பார்ப்போம். மண்டை ஓடு சுத்தியும் மூடியிருக்கணும். உள்ள நடுவுல ஒரு கோடு தெரியணும். அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு றெக்கை மாதிரி தெரியும். பார்க்கறதுக்குப் பட்டாம்பூச்சி மாதிரியே இருக்கும். பட்டாம்பூச்சி தெரிஞ்சா மூளை ரெண்டாப் பிரிஞ்சு ஒழுங்கா வளருதுன்னு அர்த்தம்"ன்னாங்க.

பட்டாம்பூச்சிங்கண்ணா! தலைக்குள்ள! எனக்கு அதக் கேட்டதுல இருந்து கை கால் ஓடல. சுகந்தி பைலோட நாடாவ அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருந்தா.

படுக்க வெச்சுப் பாத்தா, புள்ள குப்புறப் படுத்துக் கெடக்குது! தலையக் காட்டவே மாட்டேங்குது. டாக்டரம்மா அப்படி அழுத்தறாங்க, இப்படி அழுத்தறாங்க, இருமுங்கறாங்க, ஒருக்களிச்சுப் படுங்கறாங்க. ம்ஹூம். அசையவே இல்ல. எங்கப்பனாட்டவே புடிவாதம். "போய் ஏதாவது இனிப்பா சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க. தானாத் திரும்பும்"ன்னு வெளிய அனுப்பிட்டாங்க.

அப்ப வந்துது பாருங்க கூத்து! வெளிய உக்காந்திருந்த பொம்பளைக பூராம் ஆளுக்கொரு ரோசன சொல்றாங்க. ஒருத்தி மாம்பழ ஜூசு குடுங்கறா. ஒருத்தி சாக்லேட்டு குடுங்கறா. ஒரு பெரியம்மா பாட்டுப் போட்டுக் காட்டுங்கறாங்க. வாட்ச்மேனு வந்து, "சார், மாடிப்படி ஏறி எறங்கச் சொல்லுங்க, இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ங்கறான். நான் ஒண்ணையும் உடலீங்க. மாம்பழ ஜூசு, சாக்லேட்டு, ரெண்டும் வாங்கிக் குடுத்துப் படியில ஏத்துனன். நானும் கூடவே ஏறுனன். எனக்கு மூச்சு வாங்குது, அவ கம்முனு ஏறறா. நான் அவ வயித்தப் பாத்து, "கண்ணு, அப்புனு, திரும்பிப் படு சாமி"ன்னு கொஞ்சறன். படியேறி வர்றவங்க பூராம் சிரிக்கறாங்க. அவ மட்டும் சிரிக்கலீங்க.

கோயில்பாளையம் வந்துருச்சா? பேசறதுல நேரம் போறதே தெரியறதில்ல.

அந்த மாடிப்படியிலதாண்ணா அவ சொன்னது. நடுப்படியில நின்னுட்டா. எங்கையப் புடிச்சுக்கிட்டா. "நான் உள்ள போனா கண்ணத் தொறக்க மாட்டன். டாக்டரு எங்கிட்ட என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டன். நல்லாருக்கும்மான்னுதான் சொல்லுவாங்க, போன தடவயும் அப்படித்தான் சொன்னாங்க. நீங்க டீவியப் பாக்காதீங்க. அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருங்க. மூஞ்சி கெட்ட மாதிரி மாறுச்சுன்னா என்ற கைய அமுத்துங்க. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒருக்கா அமுத்துனாப் போதும், நான் தெரிஞ்சுக்கறன்"ன்னா. சரின்னன். "சத்தியம் பண்ணுங்க"ன்னா. பண்ணுனன். பொம்பளைகளுக்கு எப்படியெல்லாம் ரோசன ஓடுது பாருங்க.

மறுக்கா உள்ள போனம். அவ படுத்துக் கண்ண மூடிக்கிட்டா. ஒரு கைய நான் புடிச்சுக்கிட்டன். அது ஐஸுக்கட்டியாட்டம் இருக்குது. டாக்டரம்மா டப்பாவ வெச்சாங்க. நான் அவங்க மூஞ்சியவே பாக்கறன். சொன்ன சொல்லு தவறாத ஆளு நான். அவங்க மூக்குக்கண்ணாடிய மேல தூக்கி உட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கறன். உதட்டச் சுழிச்சாங்க. பாத்துக்கிட்டே இருக்கறன். எனக்கு நெஞ்சு கெடந்து அடிக்குது, அந்த டீவியில புள்ளயோட நெஞ்சு அடிக்கற சத்தத்த உட என்ற சத்தந்தான் பெருசாக் கேக்குது. அப்ப டாக்டரம்மா, "அட, திரும்பிட்டாங்களே! இங்க பாருங்க!"ன்னாங்க.

பாருங்கன்னா எப்படிங்க பாக்காம இருக்கறது? டீவியப் பாத்தன்.

அண்ணா... எப்படிச் சொல்றது உங்களுக்கு. கருப்பா இருக்குது. அதுல வெள்ளையா ஒரு வட்டம், சுத்தி மூடி, ஒரு எடம் உடாம மூடி, அவ்வளவு அழகா. நடுவுல ஒரு கோடு, ஸ்கேலு வெச்சுக் கிழிச்சாப்புல. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு றெக்கை, அந்தப் பக்கம் ஒரு றெக்கை. உக்காந்திருக்குதுங்க! பட்டாம்பூச்சி! எம்புள்ளயோட தலைக்குள்ள றெக்கைய விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது! நான் எங்க இருக்கறன், என்ன பண்றன், ஒண்ணும் தெரியலீங்க. சுகந்தி கையப் புடிச்சு ஒரு அமுத்து அமுத்துனன் பாருங்க, மோட்டாரு புல்லி கழட்டற கை இது, எலும்பு நொறுங்கியிருக்கோணும். அவ்வளவு சந்தோசம்!

அவ ஒடம்பே ஒருக்காத் தூக்கிப் போட்டுச்சு. கண்ணத் தொறக்கல. மூடுன கண்ணுல இருந்தே தண்ணி வடிஞ்சு காதுக்குள்ள போகுது. ஆனந்தக் கண்ணீரு! டாக்டரம்மா, "ஏம்மா அழறீங்க? எல்லாம் நல்லாருக்கும்மா"ன்னாங்க. அதக் கேட்டதும் இன்னும் நெம்ப அழுகறா. மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. கையையும் வெடுக்குனு உருவிக்கிட்டா. எனக்குமே கண்ணு கலங்கிருச்சுங்க. கர்ச்சீப்ப எடுத்துத் தொடைச்சுக்கிட்டன்.

சந்தோசத்துல வாயி சும்மா இருக்குமா? "ஏனுங்க டாக்டரு, பட்டாம்பூச்சி பையனா புள்ளைங்களா?"ன்னு கேட்டுப்புட்டன். நெசமா, பட்டாம்பூச்சியத்தான் கேட்டனுங்க! அவங்க செவுத்துல மாட்டியிருந்த போர்டக் காட்டுனாங்க, ஆணா பொண்ணான்னு சொல்றது சட்டப்படி குத்தமுன்னு போட்டிருக்குது. "மன்னிச்சுருங்க, நான் காயில் கட்டறவன், எனக்கு என்ன தெரியும்? ஆனா ஒண்ணுங்க, ரெண்டு பக்கமும் சமமாச் சுத்துன காயிலாட்டம் அம்சமா இருக்குதுங்க"ன்னன். அவங்க சிரிச்சுட்டு, "மோட்டார் மெக்கானிக்கா நீங்க?"ன்னாங்க. ஆமான்னன். உடனே சுகந்தியப் பாத்து, "நீங்க போய் வெளிய உக்காருங்கம்மா"ன்னாங்க. என்னயப் பாத்து, "நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க"ன்னாங்க.

எதுக்குன்னு நெனைக்கறீங்க? அவங்க ஊட்டு போர் மோட்டாரு! சுச்சு போட்டா உறுமுதாமா, தண்ணி மேல வர்றதில்லியாமா. ஊருக்கே மூளையப் பாத்துச் சொல்ற டாக்டரு, எங்கிட்ட மோட்டாரப் பத்திக் கேக்கறாங்க! எனக்கு எப்படி இருந்திருக்கும்? எத்தன வருசமாச்சு, எத்தன குதிரைச் சக்தி, எப்படி உறுமுதுன்னு நான் கேக்க, அவங்க உறுமியே காட்டறாங்க. கேட்டாப் பாவம், பழைய மோட்டாருங்க, உள்ள எல்லாம் வெந்து போயிருக்கும்போல. எனக்கே மனசு சங்கடமாயிருச்சு. தலையத் தலைய ஆட்டி உச்சுக் கொட்டுனன். கதவுல ஒரு கண்ணாடி வெச்சிருக்கறாங்க, அது வழியா சுகந்தி எங்களையே பாத்துக்கிட்டு நின்னா. உக்காருன்னு கையக் காட்டுனன். உக்காரல.

வெளிய வந்ததும், "என்ன சொன்னாங்க?"ன்னா.

"ஒண்ணுமில்ல, சும்மா, மோட்டாரப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தம்"ன்னன்.

"டாக்டரு உங்ககிட்ட மோட்டாரப் பத்திப் பேசுனாங்களா?"ன்னா.

"ஆமா"ன்னன்.

ஒரு மாதிரியா என்னயப் பாத்தா. அப்படி ஒரு பார்வைய நான் பாத்ததே இல்லீங்க. பொறகு முன்னாடி நடந்து போயிட்டா. இதுதாண்ணா எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது! இவ்வளவு நல்ல சேதி, எனக்கு ரோட்டுல குதிச்சுக்கிட்டே போகோணும்போல இருக்குது, இவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றா. நானும் என்னதான் பண்றது? மல்லிப்பூ வாங்கி நானே வெச்சு உட்டன். அந்த ஐஸ்கிரீம் கட இருக்குதுல்ல, அதே கடைக்குக் கூட்டிட்டுப் போனன். அழுகைய மறைச்சுக்கிட்டுத் தின்ன எடம், இன்னைக்கு வாய் நெறையச் சிரிச்சுக்கிட்டுத் திங்கோணும், அந்தக் கணக்கு அங்கயே தீரோணுமுன்னு எனக்கு ஒரு இது. அதே மாதிரி பெரிய கிளாசு, மேல பழமெல்லாம் போட்டு. கிளாசு வந்ததும் அவ அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. ஸ்பூனக் கையில எடுக்கல. நான் பேரு சொல்ல ஆரம்பிச்சன். பையன்னா இது, புள்ளையின்னா இதுன்னு. "பேசாம இருக்கறீங்களா?"ன்னா. அவ்வளவுதான். எல்லாம் உருகித் தண்ணியாப் போச்சு. கடைசியில நாந்தான் குடிச்சன்.

பஸ்ஸுல கூட ரெண்டு பேரு சீட்டு காலியா இருந்துச்சுங்க. "நான் தனியா உக்காந்துக்கறன்"னு அங்க போயிட்டா. அசதியா இருக்கும். இல்லாட்டி நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறன்னு கோவமா இருக்கும். பொம்பளைக மனசு யாருக்குங்க தெரியும்?

என்னங்ணா, ஜிலேபியக் கையிலயே வெச்சுக்கிட்டு என்னயவே பாக்கறீங்க? ஒத்துக்கலியா?

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க, இந்த வண்டி இரைச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

அவகிட்டச் சொன்னனாவா? எத? பட்டாம்பூச்சியவா? அவகிட்ட எதுக்குங்க சொல்றது, அவதான் கூடவே... கூடவே படுத்திருந்தாளே. டாக்டரே சொன்னாங்களே, எல்லாம் நல்லாருக்கும்மான்னு. அவ காதுபடத்தான் சொன்னாங்க. அவ... டாக்டரு சொன்னா நம்ப மாட்டன்னாளே. கண்ணத் தொறக்கலியே. நான் கையத்தான்...

நான் கைய அமுத்திட்டனே.

அய்யோ. அண்ணா, நான் கைய அமுத்திட்டனுங்களே! எலும்பு நொறுங்கற மாதிரி அமுத்துனனே! பொறகு டாக்டரு என்னய மட்டும் இருன்னாங்களே, கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே நின்னாளே, நான் உச்சுக் கொட்டிக்கிட்டு... மோட்டாருன்னு சொன்னனே. அவ எப்படி நம்புவா? பூ வாங்கிக் குடுத்தனே. அடப் பாவி, அந்தக் கடைக்கே கூட்டிட்டுப் போனனே! அதே கிளாசு! ஊருக்கெல்லாம் சொன்னன், ஆட்டோக்காரனுக்குச் சொன்னன், உங்களுக்குச் சொன்னன், பேரு தெரியாத உங்களுக்கு இவ்வளவு நேரமாச் சொல்றன், அவளுக்கு ஒரு வார்த்த சொல்லலியே! ஆஸ்பத்திரியில இருந்து இது வரைக்கும் அந்தப் புள்ள மனசுல என்னத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா!

புடிங்க, இந்தப் பையப் புடிங்க. ஜிலேபி கெடக்கட்டும். காலக் கொஞ்சம் எடுங்கண்ணா. தள்ளுங்க, ஏங்க, வழி உடுங்க. எறங்கறதுக்கு இல்லீங்க, முன்னாடி போகோணும். அம்மா, அந்தக் கூடைய அக்கட்டால வெய்யுங்க. அட, லேடீஸ் சீட்டுன்னு எனக்கும் தெரியுமய்யா கண்டக்டரு, எம்பொண்டாட்டி அங்க இருக்கறா, தள்ளய்யா! சுகந்தி! ஏ சுகந்தீ! இந்தப் பக்கம் பாரு! வழி உட மாட்டேங்கறாங்க, இங்க இருந்தே சொல்றன், கேளு! சந்தோசத்துல அமுத்துனன் கண்ணு! சந்தோசத்துல! நான் டீவியப் பாத்துட்டன், நீ பாக்காதன்னு சொல்லியும் பாத்துட்டன். அதனாலதான் அமுத்துனன். டாக்டரு மோட்டாரப் பத்தித்தான் பேசுனாங்க, அவங்க ஊட்டு மோட்டாரு ஓடல, உங்கம்மா மேல சத்தியம்! இந்தத் தடவ நான் நடிக்கல புள்ள! நான் நடிக்கவே இல்ல!

ஏம்மா, எல்லாரும் சித்தப் பேசாம இருங்க, அவ என்னமோ கேக்கறா. என்ன கண்ணு? கேக்கல, இன்னொருக்காச் சொல்லு...

ஆமா. ஆமா சாமி. மேல நல்லா மூடியிருக்குது. சுத்தியும் மூடியிருக்குது. ரெண்டு றெக்கையும் இருக்குது. ரெண்டும். நான் பாத்தன்.